வேகத்தில் தோற்ற முயல்

1994-ல் வெளிவந்த 'ஜாஸ் ஜாக்ராபிட்' என்ற கணினி விளையாட்டின் நாயகன் ஒரு பச்சை முயல். தலையில் சிவப்புத் துணிக்கட்டு, கையில் துப்பாக்கி. வில்லன் ஓர் ஆமை. பெயர் டெவன் ஷெல். முயல்களின் இளவரசி ஈவாவை அந்த ஆமை கடத்திக்கொண்டு போகிறது. முயல் கிரகம் கிரகமாகத் தாவி அவளைத் தேடுகிறது. முயலுக்கும் ஆமைக்கும் இருந்த பழைய பகையை எபிக் மெகாகேம்ஸ் நிறுவனத்தார் விண்வெளிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

பள்ளியில் நாம் படித்த கதையில் முயல் தூங்கித் தோற்றது. இந்த முயலுக்கு நேர்ந்தது வேறு. தொண்ணூறுகளின் இறுதியில் வந்த வேகமான கணினிகளில் அது முதல் அடியைக்கூட எடுத்துவைக்கவில்லை. விளையாட்டைத் தொடங்கிய கணமே எல்லாம் நின்று, கறுப்புத் திரையில் 'ரன்டைம் எரர் 200' என்று ஒரு வரி வரும். கணினி பழுதில்லை, டிஸ்கெட்டும் பழுதில்லை. கணினி அளவுக்கு மீறி வேகமாகிவிட்டது, அதுதான் காரணம். அந்த முயல் மறுபடி ஓடத் தொடங்கியது எப்படி என்று எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்தக் கதையின் ஒரு பாதி எங்கள் பினாங்கில் நடந்தது என்பது அதற்கு முதல் காரணம்.

பினாங்கின் கதையை முதலில் சொல்கிறேன். அறுபதுகளின் இறுதியில் வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதி கைநழுவி, ஜார்ஜ்டவுனில் வேலையில்லாதவர்கள் பெருகினார்கள். அந்த வேளையில் முதலமைச்சரான லிம் சோங் யூ, பாயான் லெப்பாசின் வயல்வெளிகளில் வெளிநாட்டு ஆலைகளுக்கு இடம் கொடுத்தார். 1972-ல் இன்டெல் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே சில்லுகளைப் பொருத்தி முடிக்க அந்நிறுவனம் திறந்த முதல் ஆலை அது. ஏஎம்டி, ஹியூலட் பேக்கர்ட், போஷ், ஹிட்டாச்சி என்று மற்றவர்களும் அதே காலத்தில் வந்து சேர்ந்தார்கள். பள்ளிப்படிப்பை முடித்தும் முடிக்காமலும் இருந்த தமிழ்ப் பெண்களும் மலாய், சீனப் பெண்களும் விடியுமுன் ஆலை பஸ் ஏறிப் போனார்கள். எங்கள் அத்தையும் போனார்.

அத்தை ஒரு மின்னணு ஆலையில் ஓய்வுபெறும் வரை இருந்தார். முதலில் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் சில்லையும் அதன் கால்களையும் இணைக்கும் வேலை. பிறகு அந்த வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. அத்தை சோதனைப் பிரிவுக்கு மாறினார். சில்லுகளைச் சூடான பெட்டிக்குள் வைத்து மணிக்கணக்கில் ஓடவிட்டு, தாங்குபவற்றைத் தேர்ந்தெடுக்கும் பிரிவு அது. ஒரே தட்டிலிருந்து வெட்டப்பட்ட சில்லுகள் எல்லாம் ஒரே வேகத்துக்குத் தேறுவதில்லை. எது எந்த வேகத்தில் பிழையில்லாமல் ஓடுகிறது என்று சோதித்த பிறகே வேகத்தின் எண்ணை முதுகில் அச்சிடுவார்கள். வேகம் என்ற சொல்லை அத்தை உச்சரித்த விதத்தில் எப்போதும் ஒரு கண்டிப்பு இருந்தது. அவருக்கு அது சூட்டோடு சேர்ந்தே வருகிற ஒன்று.

தொண்ணூறுகளின் நடுவில் மாமா மாதத் தவணையில் அத்தானுக்கு ஒரு கணினி வாங்கினார். 486டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ். கொம்தார் கட்டடத்தில் ஒரு கடையில் வாங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் வந்தார்கள். அதைத் திறந்து பார்த்த நாளில்தான் சில்லின் அடிப்பக்கத்தில் 'மலாய்' என்று பொறித்திருப்பதை அத்தான் எனக்குக் காட்டினார். மலேசியாவில் முடித்த சில்லு என்று அர்த்தம். இன்டெல்லின் 486 சில்லுகள் பலவற்றில் அந்த முத்திரை இருந்தது. உலகத்தில் எத்தனையோ வீடுகளில், யாரும் திருப்பிப் பார்க்காத ஒரு பக்கத்தில், எங்கள் ஊரின் உழைப்பு பொறிக்கப்பட்டிருந்தது. அன்று அதை நான் அப்படியெல்லாம் நினைக்கவில்லை. முயல் ஓடுமா என்பதே என் கவலை.

ஓடியது. 'ஜாஸ்' பகிர்மென்பொருளாக வந்த விளையாட்டு. முதல் பகுதி இலவசம், யாரும் யாருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம், கொடுக்கச் சொல்லி ஆக்கியவர்களே கேட்டுக்கொண்டார்கள். பிடித்திருந்தால் மீதிப் பகுதிகளைத் தபாலில் பணம் அனுப்பி வாங்கவேண்டும். எங்களிடம் முதல் பகுதி மட்டுமே இருந்தது. பள்ளி நண்பர்களிடையே கைமாறிக் கைமாறி அந்த டிஸ்கெட்டின் ஒட்டுத்தாள் தேய்ந்துபோனது. சில்லுகளும் டிஸ்கெட்டுகளும் சர்வ சாதாரணமாக நடமாடிய ஊரில் வளர்ந்ததை நான் இன்றும் பேறாகவே எண்ணுகிறேன்.

ஒலிக்குத் தனிப் பாடு படவேண்டியிருந்தது. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டையை வெளியிட்டிருந்தது. அதை வாங்கிச் செருகினால் மட்டும் போதாது. முகவரி 220, குறுக்கீட்டு எண் 5 அல்லது 7, டிஎம்ஏ 1 என்று விளையாட்டுக்குச் சொல்லித் தரவேண்டும். ஓர் எண் தவறினால் முயல் ஊமையாக ஓடும், அல்லது கணினியே உறைந்து நிற்கும். அத்தான் அந்த எண்களைக் கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் பேனாவால் எழுதி வைத்திருந்தார். எண்கள் பொருந்தி, முதன்முதலாக 'ஜாஸ்' இசை அந்தச் சிறிய ஒலிபெருக்கிகளில் அதிர்ந்தபோது அடுக்குமாடியின் நடைபாதையில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் சன்னலில் வந்து நின்றார்கள்.

அந்தக் கணினியின் முகப்பில் ஒரு பொத்தான் இருந்தது. 'டர்போ'. அதன் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 66 என்று ஒளிரும் எண்பலகை. பொத்தானை அமுக்கினால் அந்த எண் சட்டென்று குறையும். அந்த எண் அளந்து சொல்லப்படுவதல்ல, கடையில் சின்னச் சின்ன இணைப்பு முள்களை மாற்றி அமைத்து வைப்பது. ஆனால் கணினி உண்மையாகவே மெதுவாகும். பெயரைப் பார்த்து, அமுக்கினால் வேகம் கூடும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். அந்தப் பொத்தான் இருந்ததே கணினியை வேண்டுமென்று மெதுவாக்குவதற்குத்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் எழுதிய பல விளையாட்டுகள், ஐபிஎம் பிசியின் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகம் என்றென்றும் மாறாது என்ற நம்பிக்கையில், சுழற்சிகளை எண்ணியே நேரத்தைக் கணித்தன. வேகமான கணினியில் அவற்றில் எதிரி கண் சிமிட்டுவதற்குள் வந்து மோதிவிடுவான். அதற்காக வைத்த தடுப்புக்கட்டை அந்த டர்போ. எங்கள் தெருவில் யாரும் அதை அமுக்கி வைத்ததில்லை. 66-ஐ யாராவது விட்டுக்கொடுப்பார்களா? சில வருடங்களில் கணினிப் பெட்டிகளிலிருந்து அந்தப் பொத்தானே மறைந்துபோனது. அது மறைந்த கொஞ்ச காலத்துக்குள்தான் நமக்கு அது மிகவும் தேவைப்பட்டது.

1997-ல் பென்டியம் 2 வந்தது. அத்தான் வேலைக்குப் போய்ச் சம்பாதித்த காசில் அந்தச் சில்லு உள்ள கணினி ஒன்றை வாங்கினார். பழைய டிஸ்கெட்டைப் போட்டார். முயல் வரவில்லை. ரன்டைம் எரர் 200. மறுபடி போட்டார். அதே வரி.

இந்தப் பிழையின் கதையை நான் பல வருடம் கழித்துத்தான் முழுமையாக அறிந்தேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் மனிதர்கள் காலத்தைப் பற்றி நினைக்கும் விதம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. 'ஜாஸ்' போன்ற பல விளையாட்டுகள் போர்லண்ட் நிறுவனத்தின் டர்போ பாஸ்கல் குடும்பத்து மொழியில் எழுதப்பட்டவை. அதன் 7-ஆம் பதிப்பு 1992-ல் வந்தது. அதில் ஒரு நூலகப் பகுதி, நிரல் தொடங்கும்போதே கணினியின் வேகத்தை ஒருமுறை அளந்துகொள்ளும். எப்படி? ஐபிஎம் வகைக் கணினிகளில் ஒரு கடிகாரம் விநாடிக்கு 18.2 முறை துடிக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 55 மில்லி விநாடி. அந்த இடைவெளியில் ஒரு வெற்றுச் சுழற்சியை எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். ஒரு மில்லி விநாடி காத்திருக்க எத்தனை சுற்று தேவை என்று அதற்குத் தெரிந்துவிடும். அழகான வழி. கணினி எந்த வேகத்தில் இருந்தாலும் விளையாட்டு சரியான நேரத்தைக் காக்கும்.

வகுத்து வரும் ஈவை வைக்க ஒதுக்கிய இடம் 16 பிட். அதில் 65,535 வரைதான் எழுத முடியும். அதாவது 55 மில்லி விநாடியில் சுமார் 36 லட்சம் சுற்று வரை தாங்கும். 1992-ல் கடைகளில் இருந்த மிக வேகமான 486, அதே இடைவெளியில் மொத்தம் 36 லட்சம் துடிப்புகளே துடித்தது. ஒரு சுற்றுக்குப் பல துடிப்புகள் செலவாகும் என்பதால் எல்லை வெகு தூரத்தில் இருப்பதாகவே அன்று தெரிந்திருக்கும். ஐந்தே ஆண்டுகளில் 266 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2, அந்த 55 மில்லி விநாடிக்குள் ஒரு கோடியே 46 லட்சம் முறை துடித்தது. சுற்றுகளின் எண்ணிக்கை எல்லையைத் தாண்டியது. ஈவு ஒதுக்கிய இடத்தில் அடங்காதபோது, பூச்சியத்தால் வகுத்தால் என்ன எச்சரிக்கை எழுமோ அதையே சில்லு எழுப்பும். டர்போ பாஸ்கலும் அதைப் பூச்சியத்தால் வகுத்த பிழை என்று எடுத்துக்கொண்டு 200 என்ற எண்ணைக் காட்டி நின்றுவிடும். எந்த வேகத்திலும் சரியாக ஓடவேண்டும் என்று ஒருவர் அக்கறையோடு எழுதிய அந்தச் சில வரிகள்தான் முயலின் காலை வாரிவிட்டன.

இதற்கு மருந்துகள் வந்தன. பிழையான வகுத்தலைத் திருத்தி எழுதும் சின்ன ஒட்டு நிரல்கள் கைமாறின. கணினியின் வேகத்தைத் திருடி வீணாக்கும் நிரல்கள் வந்தன. ஆனால் மற்ற கதவுகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. அந்த விளையாட்டுகள் ஓடிய இயங்குதளமான டோஸ் போனது. ஒலி அட்டை தாய்ப்பலகைக்குள் கரைந்தது. விண்டோசின் 64 பிட் பதிப்புகள் 16 பிட் நிரல்களைத் தொடவே மறுத்தன. விண்டோஸ் 11-க்கு 64 பிட்டைத் தவிர வேறு பதிப்பே கிடையாது. இன்று என் மேசையில் உள்ள கணினிக்கு அந்த 55 மில்லி விநாடி 20 கோடித் துடிப்புகளுக்கு மேல். அதில் 'ஜாஸ்' கோப்பை இரட்டைச் சொடுக்கினால் பிழை எண்கூட வருவதில்லை. இந்த நிரல் இந்தக் கணினிக்கு உரியதல்ல என்று ஒரு அறிவிப்பு மட்டும்.

அதனால் இன்றைய வழி வேறு. பழைய நிரலைப் புதிய கணினிக்கு ஏற்ப மாற்றாமல், புதிய கணினிக்குள் பழைய கணினி ஒன்றையே மென்பொருளால் கட்டுவது. நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் வீன்ஸ்ட்ராவும் ஷூர்ட் வான் டெர் பெர்க்கும் தொடங்கி, 2002-ல் வெளிவந்த டோஸ்பாக்ஸ் அதைச் செய்கிறது. அதற்குள் ஒரு 486 இருக்கிறது, ஒரு சவுண்ட் பிளாஸ்டர் இருக்கிறது, முகவரி 220 இருக்கிறது, விநாடிக்கு 18.2 முறை துடிக்கும் கடிகாரமும் இருக்கிறது. 2017-ல் 'ஜாஸ்' மறுபடி இணையக் கடையில் முறையாக விற்பனைக்கு வந்தது. அந்நாளில் தபாலில் வாங்க முடியாமல் போன மற்ற பகுதிகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டி நான் வாங்கினேன்.

தொடங்கியதும் முயல் வந்துவிட்டது. என் மகள் பக்கத்தில் இருந்தாள். "ஓடுதேப்பா, அப்புறம் என்ன?" என்றாள். ஓடுவது வேறு, நன்றாக ஓடுவது வேறு என்பதை அவளுக்கு அன்று முழுவதும் காட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்லவந்ததும் அதுவே. பழைய விளையாட்டு திரையில் தெரிந்துவிட்டால் மீட்டுவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். அதனுடைய காலத்தை மீட்காதவரை எதையும் மீட்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். முயல் தாவும் உயரம் அல்ல, தாவிய பிறகு தரையில் படும்வரை நம் விரல் காத்திருக்கிற அந்தச் சின்ன நேரம். அதுதான் விளையாட்டு.

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளைப் பழுதுபார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். 2008 ஜூலையில் இந்நகரம் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அதற்கு முன்னும் பின்னும், பழைய செங்கல் சுவர்களில் சிமெண்டு பூசியவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் பழைய செங்கல் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடவேண்டும். சிமெண்டு அதை உள்ளே அடைத்துவிடும், சுவர் உள்ளிருந்து உளுத்துப்போகும். சுண்ணாம்புச் சாந்துதான் பூசவேண்டும், அது மெதுவாகக் காயும், கைவேலை அதிகம். லெபோ பாசார் பக்கம் அந்த வேலையைச் செய்யும் கொத்தனார்களை நான் நின்று பார்த்திருக்கிறேன். வீடு நிற்கிறது என்பதோடு அவர்கள் திருப்தி அடைவதில்லை.

முயல் நன்றாக ஓட முதலில் வேண்டியது சரியான வேகம். டோஸ்பாக்சில் அதை ஒரு மில்லி விநாடிக்கு எத்தனை கட்டளை என்று சொல்லவேண்டும். 3000 என்றால் ஏறக்குறைய 286-க்கும் தொடக்ககால 386-க்கும் நடுவே. 66 மெகாஹெர்ட்ஸ் 486-க்கு 25,000 அளவில். 'முடிந்தவரை' என்று விட்டுவிட்டால், இந்தக் கற்பனைக் கணினியும் பென்டியம் 2-ஐத் தாண்டிப் போய், அதே பிழை 200 இங்கேயும் முளைக்கலாம். ரொம்பக் குறைத்தால் இசை திக்கும், ஏனென்றால் 'ஜாஸ்' தன் இசையின் பல தடங்களைச் சில்லின் உழைப்பாலேயே கலந்து ஒலி அட்டைக்கு அனுப்புகிறது. கண்ட்ரோல் விசையோடு எஃப்11 அமுக்கினால் வேகம் குறையும், எஃப்12 கூட்டும். டர்போ பொத்தான் திரும்ப வந்துவிட்டது. இந்த முறை குறைப்பதற்காகவே அதை அமுக்குகிறோம்.

அத்தைக்கு இதைச் சொன்னேன். இப்போது அவருக்குக் கண்ணாடி இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. "இந்தக் கம்பூட்டர் எவ்வளவு வேகம்?" என்று கேட்டார். சொன்னேன். "அத வச்சிக்கிட்டு எங்க காலத்துச் சில்லு மாதிரி மெதுவா ஓடச் சொல்றியா?"

"ஆமா அத்தை."

"நல்லதுதான் ஐயா. மெதுவா ஓடினா எந்தச் சில்லும் கெட்டுப்போவாது. வேகமா ஓடவிட்டாத்தான் சூடேறும். நாங்க சோதிச்சதெல்லாம் அதுக்குத்தானே?" பிறகு, அந்த வேகத்தை எப்படிச் சரி என்று முடிவு செய்கிறாய், கருவி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். காதால்தான், இசையைக் கேட்டு, விரலால், தாவிப் பார்த்து என்றேன். அது போதாது என்றார். அவர் சொன்னது சரி. அதன் பிறகு அத்தானை வரவழைத்து, பழைய 486-ல் பல ஆயிரம் முறை அந்த முதல் கட்டத்தைக் கடந்த அவருடைய விரல்களிடமும் விட்டோம். அவர் நான் வைத்ததைவிடக் கொஞ்சம் குறைத்தார்.

அடுத்தது திரை. விஜிஏ என்ற படத் தரம் நிலவிய காலத்து விளையாட்டுகள் பெரும்பாலும் அகலத்தில் 320 புள்ளி, உயரத்தில் 200 புள்ளி கொண்டவை. அந்நாளின் கண்ணாடிக்குழல் திரையோ 4:3 என்ற விகிதம். கணக்குப் போட்டால் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லாமல், அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாக இருந்திருக்கிறது. ஓவியர்கள் அதைப் பார்த்துப் பார்த்தே வரைந்தார்கள். சதுரப் புள்ளி கொண்ட இன்றைய திரையில் அப்படியே போட்டால் முயல் தலையில் யாரோ அமுக்கியதைப் போல் குள்ளமாகிவிடும். வட்டமான நிலா தட்டையாகும். அகலத்தில் 5 மடங்கு, உயரத்தில் 6 மடங்கு பெருக்கினால் 1600-க்கு 1200 வரும். அது துல்லியமாக 4:3. ஒரு புள்ளிகூடச் சிதையாது. 1440 உயரம் உள்ள என் திரையில் நான்கு பக்கமும் கறுப்பு விளிம்பு விட்டு அந்தப் படம் அமர்கிறது. திரை முழுக்க இழுத்து நிரப்பவேண்டும் என்ற ஆசையை விட்டுவிடவேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. விஜிஏ திரை அந்த 200 வரி முறையில் படத்தை விநாடிக்கு சுமார் 70 முறை புதுப்பித்தது. 1993-ல் வந்த 'டூம்' விளையாட்டு விநாடிக்கு 35 அடி வைத்தது அதனால்தான், 70-ல் சரிபாதி. இன்றைய சாதாரணத் திரை 60 முறை. 70-ஐ 60-க்குள் அடைத்தால் ஒவ்வொரு விநாடியும் பத்துப் படங்கள் விழுங்கப்படும். பின்னணி வழுக்கிக்கொண்டு போகவேண்டிய இடத்தில் விக்கி விக்கி நகரும். கண்ணுக்கு உடனே தெரியாது, சற்று நேரத்தில் களைப்பு வரும். படம் வரும் வேகத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும் திரைகள் இப்போது இருக்கின்றன. டோஸ்பாக்சின் கிளைப் பதிப்பான டோஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் இதையெல்லாம் அக்கறையோடு கையாள்கிறது. 70-ஐ 70-ஆகவே விட்ட அன்று பின்னணி எண்ணெய் தடவியதைப் போல ஓடியது. என் மகள் முதன்முதலாக "ஓ" என்றாள்.

அவளுக்கும் எனக்கும் தீராத ஒரு வழக்கு இருக்கிறது. விஜிஏ அந்த 200 வரிகளில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை வரைந்து 400 வரிகளாகக் காட்டும். கண்ணாடிக்குழலின் ஒளி ஒரு வரியிலிருந்து அடுத்ததற்குக் கொஞ்சம் கசியும். அதனால் வண்ணங்களின் விளிம்பு மென்மையாக இருந்தது. அந்தக் கசிவைப் போலச் செய்யும் வடிகட்டிகள் இப்போது உண்டு. எனக்கு அது வேண்டும். அவளுக்குக் கூர்மையான கட்டம் கட்டமான புள்ளிகளே பிடித்திருக்கிறது, அதுதான் பழையது என்று அவள் தலைமுறை நம்புகிறது. அப்படிப்பட்ட கூர்மையான கட்டங்களை நாங்கள் அன்று பார்த்ததே இல்லை. இருவருக்கும் தனித்தனி அமைப்புக் கோப்பு வைத்திருக்கிறோம்.

முயலின் டிஸ்கெட் கிடந்த பெட்டியில் அத்தான் தமிழில் தட்டச்சு செய்த சில கடிதங்களும் இருந்தன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகக் கொட்டும். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் தொடங்கி எத்தனையோ பேர் கணினியில் தமிழுக்காக உழைத்திருக்கிறார்கள், பழைய குறியீடுகளை மாற்றித் தரும் கருவிகளும் இருக்கின்றன. அத்தானின் கடிதங்கள் திரும்ப வந்துவிட்டன. ஆனால் நம் சங்கங்கள், பள்ளிகள், கோயில் குழுக்கள் தொண்ணூறுகளில் தட்டச்சு செய்த மலர்களும் அறிக்கைகளும் எத்தனை டிஸ்கெட்டுகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றனவோ! ஒரு முயலுக்கு இத்தனை பேர், இத்தனை ஆண்டு, காசு வாங்காமல் பாடுபட்டிருக்கிறார்கள். அந்த அக்கறையில் கொஞ்சம் நம் ஏடுகளுக்கும் வேண்டும் என்று கேட்பது எனக்குப் பேராசையாகத் தெரியவில்லை.

2021-ன் இறுதியில் இன்டெல், மலேசியாவில் பத்தாண்டுகளில் 30 பில்லியன் ரிங்கிட் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது. வேகத்தைச் செய்யும் ஊராகப் பினாங்கு இருந்துகொண்டேதான் இருக்கும். கொம்தாரின் குவிமாடத்தில் டெக் டோம் என்ற அறிவியல் கூடம் 2016-லிருந்து இயங்குகிறது. பாயான் லெப்பாஸ் பெண்கள் முடித்துக்கொடுத்த 486 ஒன்று அந்தக் கூடத்தில், கண்ணாடிப் பேழைக்குள் அடைபடாமல், கண்ணாடிக்குழல் திரையோடும் சவுண்ட் பிளாஸ்டரோடும், பிள்ளைகள் தொட்டு ஓட்டும்படி இருக்கவேண்டும் என்பது என் விருப்பம். மென்பொருளால் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும், ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான ஒன்று உயிரோடு வேண்டும். இல்லாவிட்டால் சரியான வேகத்தை இனி யாருடைய விரல் சொல்லும்?

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கணினி கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஆசைப்பட்டு உடனே மின்சாரமும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மூடியைக் கழற்றுங்கள். 386, 486 தாய்ப்பலகைகளில் நாளையும் நேரத்தையும் காக்க, சிறிய பீப்பாய் வடிவில் ஒரு நிக்கல் காட்மியம் மின்கலம் பற்றவைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் கிடக்கும்போது அது கசிந்து பக்கத்துச் செப்புத் தடங்களை அரித்துத் தின்னும், பினாங்கின் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். பச்சையாகப் பூத்திருந்தால் கசிந்துவிட்டது என்று பொருள். பலகை தப்பியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மின்கலத்தை வெட்டி எடுத்து, குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். கசிந்த இடத்தை வெள்ளைக் காடி தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, தூய ஆல்கஹாலால் கழுவிக் காயவிடுங்கள். டிஸ்கெட்டுகள் இருந்தால் அவற்றை ஓட்டிப் பார்க்குமுன் பூஞ்சை இருக்கிறதா என்று தகட்டின் மூடியைத் தள்ளிப் பாருங்கள், பிறகு முழு நகல் ஒன்று எடுத்துவிடுங்கள். மற்ற வேலைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.